தாழ்ப்பாளில் தொங்கிய குடை

அத்தியாயம் 8

"செய்யாத கொலையைச் செஞ்சதா ஒருத்தரை அவங்க வாயாலேயே சொல்ல வைக்க முடியுமா டாக்டர்?"

என் முதலாளி, துப்பறியும் முத்துப்பிரியா அக்காவுக்கு வணக்கம், சௌக்கியமா போன்ற சில்லறைச் சமாச்சாரங்களில் நம்பிக்கை கிடையாது. நாற்காலியில் உட்காரும்போதே கேள்வி வந்து விழுந்துவிடும்.

டாக்டர் ஜெயபாக்கியம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். போடிநாயக்கனூரில் மனசுக்கு வைத்தியம் பார்க்கிறவர். ஹிப்னாடிசம் தெரிந்தவர் என்றதும் சுற்றுகிற சக்கரம், சங்கிலியில் ஆடுகிற கடிகாரம் என்று ஏகத்துக்கும் எதிர்பார்த்துப் போயிருந்தேன். இருந்தது ஒரு சாய்வு நாற்காலி, ஒரு பானைத் தண்ணீர், கீழே ஏலக்காய்க் கடையிலிருந்து மாடிப்படி ஏறி வருகிற வாசனை. அவ்வளவுதான்.

"கதவைச் சாத்திக்கலாமே தம்பி," என்றார் என்னைப் பார்த்து. நான் வாசலை ஒட்டி நாற்காலியைப் போட்டு, ஒரு காலை வெளியே வைத்திருந்தேன்.

"இருக்கட்டும் டாக்டர். காத்து வரட்டும்."

"மூடின ரூம்னா பயமா?"

"பயமெல்லாம் இல்ல. தொறந்த கதவுமேல ஒரு பாசம்."

"பேரு பிரேம்சிங். சிங்கத்துக்கு லிஃப்டுல ஏற பயம்," என்றார் அக்கா. "போன மாசம் மதுரையில ஏழு மாடி நடந்து ஏறுனான். இவன் போய்ச் சேர்றதுக்குள்ள சாட்சி வீட்டுக்குப் போயிட்டாரு."

டாக்டர் சிரித்தார். சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை. போகாததற்குக் காரணம் இருந்தது.

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய் எஸ்டேட். அங்கே காய் உலர்த்தும் கட்டடத்தை ஸ்டோர் என்பார்கள். ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் ஜக்கையன். நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை, உலர்த்தும் அறைக்குள் செத்துக் கிடந்தார். அடுப்பிலிருந்து அறைக்குள் ஓடும் சூட்டுக்குழாய் விரிசல் விட்டிருந்தது. புகையில் மயங்கி விழுந்துவிட்டார் என்று விபத்தாக எழுதி முடித்துவிட்டார்கள். யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை.

அவர் மனைவி கருத்தம்மாவுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. டாக்டரிடம் வந்தார். மூன்று தடவை வந்ததில் தூக்கம் திரும்பியது. நாலாவது தடவை, சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தபடி, "நாந்தேன் வெளிய தாழ்ப்பாளப் போட்டேன்" என்று சொல்லிவிட்டார். அதோடு மறுபடியும் தூக்கம் போய்விட்டது.

இப்போது அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மகள் தமிழ்செல்வியின் வாடகை வீட்டில், துணிப்பை ஒன்றில் ரெண்டு சேலையும் ஒரு சீப்பும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக. மகள் காலைப் பிடித்துக் கெஞ்சி, சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் தவணை வாங்கிக்கொண்டு நேராக எங்களிடம் ஓடி வந்தாள். "எங்கம்மா கோழி அறுத்தாக்கூட அந்தப் பக்கம் போயிரும்க்கா" என்று அழுதாள். அப்போது காலை ஒன்பது மணி.

"மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கங்க," என்றார் டாக்டர். "இது தூக்கம் இல்ல. கருத்தம்மாவ ஜீப்புல கூட்டிட்டு வர்றவரு ராக்கையான்னு எஸ்டேட் டிரைவர். ஒரு நாள் சொன்னாரு, 'பதினேழு வளைவும்மா, எத எப்பத் திருப்புனேன்னே தெரியாது, கை பாட்டுக்குத் திருப்பிரும்'னு. கிட்டத்தட்ட அந்த நெலமைதான். மனசு ஒரு எடத்துல குவிஞ்சு, மத்ததெல்லாம் பின்னால போயிரும். அப்ப சொல்ற நல்ல வார்த்தை கொஞ்சம் ஆழமா எறங்கும். தூக்கம் வராதவங்க, ஊசிக்குப் பயப்படுறவங்க, தீராத வலி உள்ளவங்க, இவங்களுக்கெல்லாம் உதவும். என் சோலி அதோட சரி."

"என்னைக் கோழி மாதிரி கூவ வைக்க முடியாதா?" என்றேன்.

"உங்களுக்கு இஷ்டம் இல்லாம முடியாது."

"அவனுக்கு இஷ்டம்தான் டாக்டர்," என்றார் அக்கா. "அத விடுங்க. அந்த நெலமையில சொல்றதெல்லாம் உண்மையா?"

"அங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க. உண்மையும் வரும், கற்பனையும் வரும். சொல்றவங்களுக்கே வித்தியாசம் தெரியாது. கேக்கிறவங்க ஒரு வார்த்தையைப் போட்டுட்டா, அதுவே கண்ணால பாத்த மாதிரி நின்னுரும். அதனாலதான் நடந்ததை நான் தோண்டவே மாட்டேன்."

"தோண்டாம தாழ்ப்பாள் எப்படி வந்துச்சு?"

டாக்டர் தன் போனை எடுத்தார். ஒவ்வொரு தடவையும் பதிவு செய்து வைப்பாராம். கருத்தம்மாவிடம் கேட்டு, எங்களுக்குப் போட்டுக் காட்டச் சம்மதமும் வாங்கியிருந்தார்.

மூன்றாவது பதிவில் ஓர் இடம். டாக்டரின் குரல் மெதுவாக மூச்சைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. நடுவில், யாரும் கேட்காமலே, கருத்தம்மா முணுமுணுக்கிறார். "கல்லக் காணோம்... கல்லு எங்க?"

"என்ன கல்லுன்னு நான் கேக்கல," என்றார் டாக்டர். "எனக்கும் புரியல. அவங்க தூங்குனாப் போதும்னு விட்டுட்டேன்."

நாலாவது பதிவு. அதே மெதுவான குரல். திடீரென்று ஓர் ஆணின் குரல், பக்கத்தில், ரொம்ப அன்பாக.

"தாழ்ப்பாளப் போட்டயே தங்கச்சி, அது கையில சுட்டுச்சா, குளுந்து இருந்துச்சா?"

அப்புறம் கருத்தம்மா, "சுட்டுச்சு... நாந்தேன் வெளிய தாழ்ப்பாளப் போட்டேன்."

டாக்டர் போனை அணைத்தார். "ராக்கையா. 'அண்ணன் மொறை, புள்ள பயப்படுது, பக்கத்துல உக்காந்துக்கறேன்'னாரு. உள்ள விட்டேன். அது என் தப்பு. உடனே தடுத்தேன், ஆனா விழுந்த வார்த்தை விழுந்துருச்சு."

"போட்டயான்னு அவரு கேக்கவே இல்ல பாத்தியா பிரேமு," என்றார் அக்கா. "சுட்டுச்சா, குளுந்துச்சா. ரெண்டுல எதச் சொன்னாலும் தாழ்ப்பாள் போட்டதாயிருது."

"இதையே ஸ்டேஷன்ல குடுத்துரலாமே?"

"குடுக்கலாம். ஆனா போடலைங்கறதுக்கு இது அத்தாட்சி ஆகாது," என்றார் டாக்டர். "கருத்தம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிப் பாத்துட்டேன். 'என் கையில அந்தச் சூடு இன்னும் இருக்கு டாக்டரம்மா'ங்கறாங்க. என்னால அத எடுக்க முடியல."

தன் நாற்காலியில் உட்கார்ந்து தூங்கப் போன ஒருத்தி, தன் நாற்காலியிலேயே மாட்டிக்கொண்டு விட்டாள் என்ற வேதனை டாக்டரின் முகத்தில் அப்படியே தெரிந்தது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

"அப்ப அந்தக் கதவைப் பாக்கணும்," என்று எழுந்தார் அக்கா. "நீ கீழ போயி டீ குடி. நான் ராக்கையாவுக்குப் போனப் போடுறேன்."

"அவருக்கேவா?"

"வேற யாரு நம்மள எஸ்டேட்டுக்குள்ள கூட்டிட்டுப் போவா?"

*

நான் எதிர்பார்த்த ராக்கையா முறைத்த கண்ணும் முறுக்கிய மீசையுமாக இருந்தார். வந்தவர் ஒல்லியாக, நரைத்த தாடியோடு, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு இருந்தார். அக்கா கூப்பிட்ட அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி ஏற ஏற, சாரல் பிடித்துக்கொண்டது. வளைவுகளை அவர் கைகள்தான் திருப்பின. கண் வேறெங்கோ இருந்தது.

"அக்கா, கொலைகாரன் ஓட்டுற வண்டியில சீட் பெல்ட் இல்லாமப் போறோம்," என்று காதில் சொன்னேன்.

"சீட்டே பாதிதான் இருக்கு. பேசாம வா."

எஸ்டேட் ஸ்டோர் ஒரு சரிவில் நின்றது. கருங்கல் சுவர், தகரக் கூரை, வெளியே விறகடுப்பு. ஜீப் நின்றதும் பின்னால் உருளப் பார்த்தது. ராக்கையா குதித்து இறங்கி, கைக்குக் கிடைத்த தட்டைக் கல் ஒன்றை எடுத்துப் பின் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தார். எஸ்டேட் ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் என்பது அழகுக்கு இருக்கிற சாமான், வேலை செய்வது கல்தான். "பாத்துட்டு வாங்க. நான் இங்கனதேன் இருக்கேன்," என்று அடுப்புப் பக்கம் பால் விடாத கட்டஞ்சாயா குடிக்கப் போய்விட்டார்.

பக்கத்துக் கொட்டகையில், காய்ந்த காயைக் காம்பு போகத் தேய்க்கும் மெஷின் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது. அதில் நின்ற பெண் ஒருத்தி எங்களைப் பார்த்துக் கை அசைத்தார். அவர் என்ன சொன்னார் என்பது மெஷினுக்குத்தான் வெளிச்சம்.

உலர்த்தும் அறைக்கு ஒரே கதவு. பச்சைப் பெயிண்ட் அடித்த கனத்த பலகைக் கதவு, உள்பக்கமாகத் திறந்திருந்தது. வெளியே இரும்புத் தாழ்ப்பாள். அக்கா அதை இழுத்துப் பார்த்தார். வெண்ணெயாக நகர்ந்தது.

"நல்லா வேலை செய்யுது," என்றார். குரலில் சந்தோஷம் இல்லை. துருப்பிடித்து இறுகியிருந்தால் கருத்தம்மா தப்பியிருப்பார்.

நான் குடையை மடக்கி, அதன் வளைந்த பிடியை, திறந்து கிடந்த தாழ்ப்பாளின் குமிழில் மாட்டினேன். அக்கா உள்ளே போனார்.

"பிரேமு, டேப்போட ஒரு முனையைப் பிடி."

"இங்க இருந்தே பிடிக்கறேன்க்கா. நீங்க நல்லா இழுங்க."

"அஞ்சடி டேப்பு அது. உள்ள வா."

நாலே அடி வைத்தேன். உள்ளே அடுக்கடுக்காகக் கம்பிவலைத் தட்டுகள். காலையில் கழுவி ஏற்றிய பச்சைக் காய் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. தரையை ஒட்டி ஆள் தொடை கனத்துக்குச் சூட்டுக்குழாய், புதுசாக மாற்றியது. வாசனை ஆளைத் தூக்கியது. எங்கள் வீட்டு ஏலக்காய்க் கடை கோடவுனில் ஆறு வயசில் என்னை மறந்து பூட்டிவிட்டுப் போன அன்றைக்கு அடித்த அதே வாசனை.

பின்னால் ஒரு முனகல் கேட்டது. திரும்பினேன். கதவு தானாக நகர்ந்து, 'தொம்' என்று மூடிக்கொண்டது.

*

அடுத்த ஒரு நிமிஷத்தில் நான் செய்த காரியங்களை எழுத எனக்கு வெட்கம் இல்லை. கத்தினேன். கதவை உதைத்தேன். உள்பக்கம் கைப்பிடி இல்லை. சின்ன இரும்பு வளையம் ஒன்று, தொட்டால் சுட்டது. துண்டைச் சுற்றி ரெண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். கதவு அசையவில்லை.

"பூட்டிட்டான்க்கா! நான் சொன்னேன்ல! ஜக்கையனக் கொன்ன மாதிரியே நம்மளையும்..."

போனில் சிக்னல் இல்லை. ஜன்னல் இல்லை. கூரைக்குக் கீழே ஆவி போக ஒரு துவாரம், பூனைகூட நுழையாது. வெளியே மெஷின் இரைச்சல் எங்கள் கூச்சலை மென்று தின்றது. மூச்சு உள்ளே போகவில்லை. சட்டை ஈரமாகி உடம்போடு ஒட்டிக்கொண்டது. நான் சாகப் போகிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

"பிரேமு. தரையில ஒக்காரு."

"முடியாது."

"ஒக்காரு. நின்னா சூடு ஜாஸ்தி." என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் முகமும் சிவந்துதான் இருந்தது. "என் சுண்டு விரலப் பாரு. அத மட்டும் பாரு. ஒனக்குப் புடிச்ச எடம் ஒண்ணு சொல்லு. கதவே இல்லாத எடம்."

"இப்பவா... ஹிப்னாடிசமா?"

"நீ டீ குடிக்கப் போனப்ப டாக்டரு சொல்லிக் குடுத்தாங்க. ஒன்ன லிஃப்டுல ஏத்தலாம்னு கத்துக்கிட்டேன். எடத்தச் சொல்லுடா."

"மதுரை ரயிலு. ஜன்னல் சீட்டு."

"சரி. போடி ஸ்டேஷன். வண்டி கெளம்புது. மூச்ச மெதுவா விடு. உள்ள இழுக்கறதப் பத்திக் கவலப்படாத, அது தானா வரும். விடுறத மட்டும் நீளமா விடு. கண்ணு கனத்தா மூடிக்க."

கண் மூடிக்கொண்டது. நான் மூடவில்லை, அதுவாக மூடியது.

"தேனி வருது. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒடம்பு ஒரு சுத்து எறங்கும். தோளு எறங்குது. ஜன்னல்ல காத்து அடிக்குது, நல்ல குளுந்த காத்து. கன்னத்துல படுது."

பட்டது. சத்தியமாகப் பட்டது. சூடு எங்கும் போகவில்லை, எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஆனால் அது ரெண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருந்தது. தூங்கவும் இல்லை. அக்கா சொல்கிற ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. வேண்டாம் என்றால் எழுந்துவிடலாம் என்பதும் தெரிந்தது. வேண்டாம் என்று தோன்றவில்லை.

"ஆண்டிபட்டி. வயிறு இளகுது. பக்கத்துல யாரோ முறுக்கு விக்கிறான்."

"எனக்கு ரெண்டு," என்றேன்.

"வாய் மட்டும் எறங்க மாட்டேங்குது. உசிலம்பட்டி வரப்போகுது..."

அப்போதுதான் அது எனக்குக் கேட்டது. இத்தனை நேரமும் இருந்திருக்கிறது, என் கூச்சலில் காதில் விழவில்லை.

"அக்கா, மெஷினு நிக்குது."

"என்ன?"

"நடுவுல நடுவுல நிக்குதுக்கா. தேச்ச காயக் கொட்டுறதுக்கு நிப்பாட்டுறாங்க. இப்ப மறுபடியும் ஓடுது. அடுத்து நிக்கும்போது தட்டுவோம்."

ரெண்டு பேரும் ஆளுக்கொரு காலித் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கதவோரம் நின்றோம். என் வாழ்க்கையில் மூடிய அறை ஒன்றில் நான் பொறுமையாகக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. மெஷின் இரைந்தது, இரைந்தது, நின்றது. தட்டுகளால் கதவை மொத்து மொத்தென்று மொத்தினோம்.

கதவின் கீழ் மூலையில் வெளியிலிருந்து ஓர் இடி. கதவு திறந்துகொண்டது. மெஷினில் நின்ற பெண்மணி முழங்காலைத் தடவிக்கொண்டு நின்றார். அவர் பெயர் குருவம்மாள் என்று அப்புறம் தெரிந்தது.

"யாத்தே! எவ்வளவு நேரமா உள்ள கெடக்கீக?"

வெளிக் காற்றை நான் விழுங்கினேன். "யாரு பூட்டுனது? அந்த ராக்கையாதானே?"

"பூட்டுனாகளா? யாரும் பூட்டலையே," என்று தாழ்ப்பாளைக் காட்டினார் குருவம்மாள்.

என் குடை குமிழில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. நான் மாட்டிய அதே சாய்வில். குடையை எடுக்காமல் அந்தத் தாழ்ப்பாளை ஒரு நூலிழைகூட நகர்த்த முடியாது.

"ஈரக்காய் ஏத்துன அன்னைக்கி இந்தக் கதவு இப்பிடித்தேன்," என்றார் அவர். "ஆவியில ஊதிப்போயி நெலையக் கவ்விக்கிரும். உள்ள இருந்து எத்தன பேரு இழுத்தாலும் வராது. வெளிய இருந்து கீழ் மூலையில இடிச்சாத்தேன் உண்டு."

"செதுக்கிரலாமே?" என்றேன்.

"செதுக்குனா, காயி காஞ்சப்பறம் இடுக்கு விழுந்து சூடு வெளிய போயிருமே சாரே. காயி நெறம் கெட்டுப்போகும். அதுக்குத்தேன் உள்ள போறப்ப வாசப்படில கல்லு வச்சுட்டுப் போறது. கல்லு வைக்காம எதுக்கு உள்ள போனீக?"

அக்கா சட்டென்று திரும்பினார். "எந்தக் கல்லு?"

"இங்கனதேன் கெடக்கும், எப்பவும்." குருவம்மாள் கதவோரம் குனிந்து தேடினார். நிமிர்ந்தார். "எங்க, கல்லக் காணோமே."

காலையில் டாக்டரின் போனில் கேட்ட அதே வார்த்தை.

அக்கா சரிவில் இறங்கி நடந்தார். ஜீப்பின் பின் சக்கரத்துக்குக் கீழே குனிந்தார். தட்டையான கல். அதன் ஒரு விளிம்பு முழுக்க, வருஷக்கணக்காகக் கதவு உரசி உரசி அப்பிய பச்சைப் பெயிண்ட்.

ராக்கையா டம்ளரோடு திரும்பி வந்தார். எங்கள் சிவந்த முகத்தையும் நனைந்த சட்டையையும் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். டம்ளர் கையிலிருந்து நழுவியது.

"மறுபடியுமா?" என்றார், தனக்குத் தானே. அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா அவர் எதிரே குந்தினார். "அன்னைக்கி என்ன நடந்துச்சுண்ணே?"

"ஏலத்துக்கு லோடு ஏத்திக்கிட்டு இருந்தேன். மத்தியானம். வண்டி உருண்டுச்சு. கை பாட்டுக்குக் கல்ல எடுத்து முட்டுக் குடுத்துருச்சு. ஜக்கையன் மாப்ள உள்ள இருக்காருன்னு தெரியாது. கெளம்பறப்ப கல்லத் தூக்கிப் பின்னால போட்டுக்கிருவோம், அடுத்த எடத்துல ஆகும்னு. போடில லோடு எறக்குறப்பத்தேன் பச்சப் பெயிண்டப் பாத்தேன். போனு போகல. யாராச்சும் தொறந்துருப்பாகன்னு நெனச்சுக்கிட்டேன். விடிய மொத ஆளா ஏறி வந்தேன். கதவ இடிச்சுத் தொறந்தேன்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "கல்ல அது எடத்துல வச்சேன். அப்பறந்தேன் சத்தம் போட்டேன்."

குருவம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"தங்கச்சி டாக்டரம்மாகிட்ட இருந்து திரும்பிப் போறப்ப ஜீப்புல சொல்லுச்சு. 'கல்லக் காணோம்னு வாயில வந்துச்சுண்ணே, என்னன்னு தெரியல'ன்னு. மாப்ள மாட்டுன அன்னைக்கி சாயங்காலம் அது சோறு கொண்டாந்து இந்தக் கதவுக்கு முன்னால நின்னுருக்கு. கூப்புட்டுப் பாத்துட்டு, ஆளு இல்லன்னு தூக்குவாளிய வச்சுட்டுப் போயிருச்சு. சீசன்ல மாப்ள இங்கதேன படுப்பாரு, தேடல. அது கல்ல நெனப்பு வச்சுட்டா என்னையக் கண்டுபுடிச்சுரும். கல்லுக்குப் பதிலா வேற ஒண்ண நெனச்சுட்டாத் தேவலன்னு... தன்னையே நொந்துக்கிட்டுக் கம்முன்னு இருக்கும்னு நெனச்சேன். ஸ்டேசனுக்குக் கெளம்பும்னு தெரியாது தாயி. சத்தியமா நாங் கொல்லல. அது பழக்கம். இன்னைக்கும் பாருங்க, எடுத்ததே தெரியல."

நான் அவரைப் பார்த்தேன். கொலைகாரன் என்று காலையிலிருந்து சபித்துக்கொண்டிருந்த ஆள். பாவமாக இருந்தது. அந்தப் பாவம் அக்காவின் அடுத்த பேச்சில் அடங்கிவிட்டது.

"கல்ல எடுத்தது பழக்கம்ண்ணே. ஒத்துக்கறேன். தாழ்ப்பாளக் கேட்டது பழக்கம் இல்ல."

அக்கா எழுந்தார்.

"வெரசா வண்டிய எடுங்க. மணி மூணேகால்."

*

நாலு அம்பதுக்கு நாங்கள் அந்த வாடகை வீட்டு வாசலில் நின்றோம். கருத்தம்மா தலை வாரி, நல்ல சேலை கட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். தமிழ்செல்வி எங்கள் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ராக்கையா கதவுக்கு வெளியே நின்றுகொண்டார்.

அக்கா தாழ்ப்பாளைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "அன்னைக்கி சாயங்காலம் அந்தக் கதவுகிட்டப் போனப்ப என்னம்மா பாத்தீங்க?" என்றார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூடுதலாகப் போடவில்லை.

கருத்தம்மா வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "கதவு மூடியிருந்துச்சு. நான் போறப்பவே மூடித்தேன் இருந்துச்சு..." விரல்களை மடக்கினார். "கல்லக் காணோம்."

நான் துண்டில் சுற்றி வைத்திருந்த கல்லை அவர் முன்னால் வைத்தேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது. எத்தனை வருஷம் அதைத் தாண்டிச் சோறு கொண்டுபோயிருப்பார். பச்சை விளிம்பை விரலால் தடவினார்.

"இது எங்க இருந்துச்சு?"

"ஜீப்புச் சக்கரத்துக்கு அடியில. அன்னைக்கி மத்தியானம் எடுத்தது, நீங்க போறப்ப ஜீப்போட போடிக்குப் போயிருச்சு," என்றார் அக்கா. "கதவு ஆவியில தானா இறுகியிருக்கு. கொழாயும் விரிசல். அந்தப் புகையில அரை மணி நேரம் யாரும் தாங்க மாட்டாங்கன்னு குருவம்மா சொல்றாங்க. நீங்க சாயங்காலம் போறதுக்கு ரொம்ப முன்னாடியே முடிஞ்சு போச்சும்மா. தாழ்ப்பாள யாரும் தொடல. நீங்களும் தொடல."

"கையில சூடு இருக்கே," என்றார் கருத்தம்மா, ரொம்ப மெதுவாக.

"இருக்கும். கொஞ்ச நாளைக்கு இருக்கும். அது உள்ள போட்டது, ஒங்களோடது இல்ல. டாக்டரம்மா கூட உக்காந்து எறக்கிரலாம்."

கருத்தம்மா நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். ராக்கையாவின் முகத்தில் மிச்சக் கதை முழுக்க எழுதியிருந்தது. "தங்கச்சி..." என்றார் அவர்.

கருத்தம்மா அழுவார் என்று நினைத்தேன். மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். அவர் மடியில் இருந்த பையைத் திறந்தார். முதல் சேலையை எடுத்து மகளிடம் கொடுத்தார். ரெண்டாவது சேலையையும் கொடுத்தார். சீப்பை எடுத்துத் தன் கொண்டையில் செருகிக்கொண்டார். காலிப் பையை ஒரு தடவை உதறினார்.

எழுந்து வாசலுக்குப் போய், அதை ராக்கையாவிடம் நீட்டினார்.

"ஒனக்கு மாத்துத் துணி வைக்க ஆகும்ண்ணே. கெளம்பு. நான் கூட வர்றேன்."